குறைந்த பிரீமியம் பாலிசி போதுமா?

கேள்வி: இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் புல்வெட்டுதல், செடி கத்தரித்தல், களைக்கொல்லி தெளித்தல் எல்லாம் செய்து வருகிறேன். ஒரு குடியிருப்பு வளாகத்தின் ஆண்டு ஒப்பந்தம் கைக்கு எட்டும் நிலையில் இருக்கிறது. பொறுப்புக் காப்பீடு இருந்தால்தான் வேலை என்கிறார்கள். இருப்பதிலேயே பிரீமியம் குறைவான பாலிசியை எடுத்துச் சான்றிதழைக் கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: ஒப்பந்தம் வாங்க அது போதுமாக இருக்கலாம். கிளெய்ம் வரும் நாளில் போதுமா என்பதுதான் விஷயம். மலிவான பாலிசிகளில் பெரும்பாலும் காப்புத் தொகை குறைந்திருக்காது; விலக்குப் பட்டியல்தான், அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியல்தான், நீண்டிருக்கும்.

உங்கள் வேலையால் வெளியாருக்குக் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் ஏற்பது பொதுப் பொறுப்புக் காப்பீடு. புல்வெட்டும் இயந்திரத்தின் 53 செ.மீ. நீளக் கத்தி நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் அதன் நுனி வேகம் மணிக்குச் சுமார் 300 கி.மீ. அதில் பட்டுத் தெறிக்கும் கூழாங்கல் கார் கண்ணாடியை உடைக்கும், ஆளின் கண்ணையும் பறிக்கும். இந்த வகை விபத்துக்குச் சாதாரண பாலிசியே கைகொடுக்கும்.

உதவியாளரின் விரல் வெட்டுப்பட்டால் அது கைகொடுக்காது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு வேண்டும். வண்டி மோதினால் வாகனக் காப்பீடு, இயந்திரம் திருடுபோனால் கருவிகளுக்கான காப்பீடு. நீங்கள் பதித்த புல் காய்ந்துபோனால் மறுபடி பதிக்கும் செலவு உங்களுடையதுதான்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது களைக்கொல்லி. 2,4-டி போன்ற மருந்து புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். காற்றடிக்கும்போது தெளித்தால் சாரல் வேலி தாண்டும். இதன் எஸ்டர் வகை, வெயிலில் ஆவியாகியும் நகரும். பக்கத்து வீட்டுத் தக்காளிக்கும் திராட்சைக்கும் மிகச் சிறிய அளவே போதும். சில நாளில் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொள்ளும். பொதுப் பொறுப்பு பாலிசிகள் பலவற்றில் ‘மாசு’ என்றொரு விலக்கு உண்டு. தெளித்த மருந்து பரவியதையும் அதற்குள் அடக்கிக் கிளெய்மை மறுக்க இடமிருக்கிறது. பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிப்புக்கான கூடுதல் இணைப்பை பாலிசியில் எழுதி வாங்குங்கள். மருந்து தெளிக்க உங்கள் ஊர்ச் சட்டம் உரிமம் கேட்டால் அதையும் எடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாவிட்டால் அந்த இணைப்பும் கைவிட்டுவிடலாம்.

விண்ணப்பத்தில் ‘புல்வெட்டுதல்’ என்று மட்டும் எழுதிப் பிரீமியத்தைக் குறைக்கும் வழக்கம் உண்டு. வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டாரே என்று ஏணி வைத்துக் கிளை வெட்டும்போது அது கூரையில் விழுந்தால், ‘நீங்கள் சொன்ன தொழில் இது இல்லையே’ என்பார்கள். மரவேலைக்கு உயர வரம்பு உண்டா, குழி தோண்டும்போது நிலத்தடிக் கேபிளோ குழாயோ அறுந்தால் காப்பு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தொகையில் இரண்டு வரம்புகள் இருக்கும். ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம், ஆண்டு மொத்தம் 20 லட்சம் என்று வையுங்கள். முதல் கிளெய்ம் 10, இரண்டாவது 8 என்று போய்விட்டால், மூன்றாவதற்கு மிஞ்சுவது 2 லட்சம்தான். வளாகம் கேட்பது எந்த வரம்பு என்று பாருங்கள். வேலை முடிந்த பிறகு நேரும் சேதத்துக்கும், உதாரணமாக நீங்கள் எழுப்பிய தாங்குசுவர் ஆறு மாதம் கழித்துச் சரிந்தால், காப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம்.

பிரீமியத்தைச் சம்பளச் செலவு அல்லது வருமானத்தை வைத்துக் கணக்கிட்டு, ஆண்டு முடிவில் தணிக்கை செய்வது பல இடங்களில் வழக்கம். குறைத்துக் காட்டினால் வித்தியாசத்தை அப்போது கட்ட நேரிடும். சப்-கான்ட்ராக்டர் வைத்தால் அவருடைய காப்பீட்டுச் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவருக்குக் கொடுத்த பணத்தையும் உங்கள் சம்பளக் கணக்கில் சேர்த்துப் பிரீமியம் போடுவார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதன் காப்பீட்டுப் பகுதியை முகவரிடம் காட்டுங்கள். வளாக நிர்வாகத்தை ‘கூடுதல் காப்பீடு பெறுபவர்’ ஆக, அதாவது உங்கள் பாலிசியின் காப்பு அவர்களுக்கும் கிடைக்கும்படி, சேர்க்கச் சொல்லியிருக்கலாம். இதற்குச் சான்றிதழ் மட்டும் போதாது, பாலிசியிலேயே இணைப்பு வேண்டும். ‘யார் தவறானாலும் ஒப்பந்ததாரரே பொறுப்பு’ என்று வரி இருந்தால் அதைத் திருத்தக் கேளுங்கள். அப்படி நீங்களே ஏற்கும் பொறுப்பு முழுவதையும் பாலிசி சுமக்காது.

விபத்து நடந்தால் உடனே படம் எடுங்கள், சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். ‘என் தப்புதான், நானே சரிசெய்து தருகிறேன்’ என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் ஏற்றுக்கொண்ட தொகையை அவர்கள் தர மறுக்கலாம்.