முழு சார்ஜ் இருந்தும் மோட்டார் ஓடவில்லையே?

கேள்வி: மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் இருந்த 12 வோல்ட் ஆசிட் பேட்டரி ஊதிப்போய்விட்டது. பழைய லேப்டாப் பேட்டரியில் கழற்றிய 18650 என்ற உருளை லித்தியம் செல்கள் ஆறை இரண்டிரண்டாகச் சேர்த்து, மூன்று ஜோடியைத் தொடராகக் கட்டி, செல்களைப் பாதுகாக்கும் பி.எம்.எஸ். போர்டும் போட்டேன். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது. மீட்டர் வைத்தால் அவுட்புட்டில் பூஜ்யம், செல்களிலோ 12.4 வோல்ட். போர்டு பழுதா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பழுதாக இருக்காது. உங்கள் மோட்டாரைப் பார்த்துப் போர்டு பயந்திருக்கிறது, அவ்வளவுதான். நின்றிருக்கும் மோட்டாரின் சுருள் வெறும் செப்புக் கம்பிதானே? சுழல ஆரம்பித்த பிறகுதான் அது எதிர் வோல்டேஜ் உண்டாக்கி, தான் இழுக்கும் ஆம்பைக் குறைத்துக்கொள்ளும். ஓடும்போது 3 ஆம்ப் இழுக்கிற பம்பு, கிளம்பும் கணத்தில் பல மடங்கு கேட்கும். எங்கேயோ ஷார்ட் என்று எண்ணிப் போர்டு தன்னிடமுள்ள மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சை மூடிவிடுகிறது. சுவிட்சை அணைத்துச் சில நொடி கழித்து மறுபடி மீட்டர் வையுங்கள். வோல்டேஜ் தானாகத் திரும்பியிருந்தால் காரணம் இதுதான். சில போர்டுகள் சார்ஜரை ஒரு தடவை செருகினால்தான் விழிக்கும்.

இன்னும் பெரிய ஆம்ப் போர்டாக மாற்றுங்கள். மலிவான போர்டில் அச்சடித்திருக்கும் ஆம்பில் பாதியைத்தான் நான் நம்புவேன். ஆனால் போர்டை மட்டும் மாற்றினால் போதாது. லேப்டாப் செல்கள் நிதானமாகக் கொடுத்துப் பழகியவை. வயதானால் உள்தடையும் ஏறிவிடும். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் தொப்பென்று விழுந்து, போர்டு அதற்காகவும் வெட்டலாம். ஜோடிக்கு இன்னும் ஒரு நல்ல செல் சேர்த்தால் பாரம் பகிர்ந்துபோகும். சேர்க்கும் முன் வோல்டேஜ் சமமாக இருக்கட்டும்.

அப்படியே இன்னொன்றையும் பாருங்கள். செல்லிலிருந்து வரும் மைனஸ், வெளியே போகும் மைனஸ் இரண்டுக்கும் போர்டில் வேறு வேறு ஆங்கில எழுத்து இருக்கும்: முதலாவதற்கு B-, இரண்டாவதற்கு P-. நம் வாயில் இரண்டும் 'பி மைனஸ்'தான்! போனில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் இப்போது 'செல் மைனஸ்', 'வெளி மைனஸ்' என்றே சொல்கிறேன். தொழில் பழகிய புதிதில் எமர்ஜென்சி விளக்கு ஒன்றுக்கு லோடு வயரைச் செல் மைனஸிலேயே பற்றவைத்துவிட்டேன். விளக்கு பிரமாதமாக எரிந்தது. போர்டு ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டே வாரத்தில் விளக்கு திரும்பி வந்தது, செல் ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்டில். அத்தனையையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

கேள்வி: போர்டுதான் இருக்கிறதே, ஸ்பிரேயரோடு வந்த பழைய ஆசிட் பேட்டரி சார்ஜரிலேயே போடலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் பேக் 12.6 வோல்டில் நிறைந்துவிடும், அதாவது செல்லுக்கு 4.2. ஆசிட் சார்ஜர் 14 வோல்டையும் தாண்டித் தள்ளும். செல் 4.25 பக்கம் வரும்போது போர்டு வெட்டும், சரி. ஆனால் அது ஆபத்துக்கு வைத்த தாழ்ப்பாள். தினமும் அதையே இழுத்து மூடினால் ஒருநாள் மாஸ்ஃபெட் போகும். மாஸ்ஃபெட் போனால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் போகும். அப்புறம் செல்லுக்கும் சார்ஜருக்கும் நடுவில் தடுக்க ஆளில்லை. செல்களின் வோல்டேஜைச் சமப்படுத்தும் பேலன்ஸ் உள்ள போர்டாக இருந்தாலும் இதே கதைதான். கூடுதலாக நிறைந்த செல்லிலிருந்து அது சில பத்து மில்லிஆம்ப் மட்டுமே கசியவிடும். அதற்கு அவகாசம் வேண்டும். 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் கடைசியில் ஆம்பை மெல்லக் குறைத்து அந்த அவகாசத்தைத் தரும்.

கேள்வி: இதே போர்டில் எல்.எஃப்.பி. செல் போடலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: கூடாது. எல்.எஃப்.பி. என்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், வேறு வகை லித்தியம் செல். அது 3.65 வோல்டில் நிறைந்துவிடும். இந்தப் போர்டோ 4.2 தாண்டும்வரை சும்மா இருக்கும். 12 வோல்ட் வேலைக்கு எல்.எஃப்.பி. நான்கு செல் தொடராக வேண்டும். அதற்கென்றே போர்டும் 14.6 வோல்ட் சார்ஜரும் கிடைக்கும். இரண்டு வகைப் போர்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கடையில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.