புது ஆர்டர், பழைய கட்டு

கேள்வி: ஒவ்வொரு பனியன் ஆர்டருக்கும் நூல் வாங்குவதில் இருந்து பேக்கிங் வரை டூ-டூ ஆப்பில் பட்டியல் போடுகிறேன். பழைய பட்டியலில் இருந்து ஒவ்வொரு வேலையாகக் காப்பி எடுத்தால், புது ஆர்டரின் கட்டிங் போன மாத ஆர்டரின் சாயத்துக்குக் காத்து நிற்கிறது. என்னங்க செய்வது?
– வாசகர், திருப்பூர்

பதில்: போன மாதச் சாயம் எப்பவோ முடிந்திருக்குமே, அதனால் புதுத் துணி சாயத்தில் ஊறிக்கொண்டிருக்கும்போதே ஆப் கட்டிங்குக்குப் பச்சைக்கொடி காட்டிவிடும், அதுதாங்க ஆபத்து. சாயம் என்ற பெயர் நமக்குத்தான். ஆப் பார்ப்பது ஒவ்வொரு வேலைக்கும் அது கொடுத்திருக்கும் அடையாள எண்ணை. தனி வேலையைக் காப்பி எடுத்தால் டிபென்டென்சி, அதாவது 'இது முடிந்தால்தான் அது' என்ற கட்டு, ஒன்று அறுந்துபோகும், இல்லை பழைய எண்ணையே பிடித்துத் தொங்கும். அதனால் நூல், நிட்டிங், சாயம், கட்டிங் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக டெம்ப்ளேட், அதாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் எடுத்துப் போடும் மாதிரிப் பட்டியல், ஆக்குங்கள். ஆசனா மாதிரி ஆப்களில் ப்ராஜெக்ட் டெம்ப்ளேட்டில் கட்டுகளும் சேர்ந்தே வரும், தேதியையும் 'தொடங்கி 12ஆம் நாள்' என்று வைக்கலாம். நடந்துகொண்டிருக்கும் ஆர்டரை டெம்ப்ளேட் ஆக்காதீர்கள். அவசரத்துக்குச் சேர்த்த 'லேபிள் மாற்று' மாதிரி சில்லறை வேலையெல்லாம் அப்புறம் எல்லா ஆர்டரிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.