வயசா, முதல் பிரசவமா? சீசர் பற்றிக் கேட்டவர்களுக்கு

தோட்டப் பகுதியில் மருத்துவமாதாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சீசர், அதாவது வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, எனக்கு 36, இது முதல் பிள்ளை. கட்டாயம் சீசர்தானா?

கட்டாயம் இல்லை, வாய்ப்புக் கூடுதல். 35க்குப் பிறகு வரும் முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை சுருங்குவது மந்தமாகலாம், பிரஷரும் சீனி வருத்தமும் அந்த வயதில் எட்டிப்பார்க்கும், நச்சுக்கொடி கீழே அமைந்து வழியை மறிப்பதும் கூடுதல், போதாக்குறைக்கு டாக்டர்மாரும் வயதைப் பார்த்து முன்கூட்டியே தியேட்டருக்கு அனுப்பிவிடுவார்கள். பிரஷர், சீனி சரியாக இருந்து பிள்ளையின் தலையும் கீழே இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம்.

தலவாக்கலை: அம்மா 41இல் தம்பியை லயத்திலேயே பெற்றார். எனக்கு மட்டும் 29இல், முதல் பிள்ளைக்கே ஏன் வெட்டினார்கள்?

தம்பி அம்மாவுக்கு எத்தனையாவது பிள்ளை? அதுதான் விஷயம். ஒருதரம் சுகமாகப் பெற்றவருக்கு அடுத்தது சீசராவது நாற்பது வயதிலும் குறைவுதான். அதற்காக வீட்டில் பெறலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்தாவது, ஆறாவது பிள்ளை என்று போனால் பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்காமல் போகும் ஆபத்து ஏறும்.

பதுளை: முதலாவது சீசர். இரண்டாவதைச் சுகமாகப் பெறலாமா?

முதலில் ஏன் வெட்டினார்கள் என்று ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். பிள்ளை கால் கீழாக இருந்ததற்காக என்றால் இந்தமுறை அப்படி இருக்கவேண்டும் என்றில்லை. வலி வந்தும் பிள்ளை இறங்கவில்லை என்றால் நம்பிக்கை கொஞ்சம் குறைவு. முயல்பவர்களில் 100க்கு 70 பேருக்குச் சரிவரும், இடையில் ஒரு சுகப்பிரசவமும் இருந்தால் 85க்கு மேல். கர்ப்பப்பையின் பழைய தையல் பிரிவது 200இல் ஒருவருக்கு, மருந்தேற்றி வலி வரவைத்தால் அதைவிடக் கூடும். கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். தியேட்டரும் இரத்தமும் உள்ள ஆஸ்பத்திரியில்தான் முயலவேண்டும், நம் மலைப் பாதையில் வலி வந்தபிறகு த்ரீவீலர் தேடுவது சரிவராது, முன்கூட்டியே அட்மிட் ஆகுங்கள்.

நுவரெலியா: 4 அடி 8 அங்குலம்தான் இருக்கிறேன். சீசர்தானா?

கிளினிக்கில் சொல்லிவையுங்கள். 145 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் இடுப்பு ஒடுக்கமாக இருக்கலாம் என்று தனியாகக் கவனிப்பார்கள். சின்னப் பிள்ளை என்றால் அந்த இடுப்பே போதும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு கணவர்: இரண்டும் சீசர். மூன்றாவது வேண்டும் என்கிறோம்.

தம்பி, தடையில்லை. ஆனால் ஒவ்வொரு சீசரோடும் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறும், சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டி வரும். ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே என்று வந்தால் கண்டி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.