ஜிபிஎஸ் கருவியில் 64 ஜிபி கார்டு போட்டேன், எதுவுமே தெரியவில்லை. ஏன்?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஜியோகேஷிங் (யாரோ ஒளித்து வைத்த கேஷ் என்னும் டப்பாக்களை ஜிபிஎஸ் உதவியோடு தேடும் விளையாட்டு) பழகலாம் என்று பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 20 என்ற கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கினேன். புதிதாக 64 ஜிபி மெமரி கார்டு வாங்கி, மேப், கேஷ் விவரம் எல்லாவற்றையும் அதில் ஏற்றிப் போட்டால் கருவி கார்டையே கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. கருவி பழுதா, கார்டு பழுதா? எத்தனை ஜிபி வாங்கியிருக்க வேண்டும்?

இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும், ஒன்றுக்கொன்று பாஷை புரியவில்லை, அவ்வளவுதான். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் (மேலே எக்ஸ்சி என்று அச்சடித்திருக்கும்) கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் ஆகி வருகின்றன. உங்கள் கருவிக்கு தெரிந்தது ஃபேட் 32. 4 ஜிபி முதல் 32 ஜிபி வரை உள்ள ஹெச்சி கார்டுகள் அந்த முறையிலேயே வரும், அதனால் போட்டவுடன் வேலை செய்யும். 64 ஜிபி கார்டை ஃபேட் 32-க்கு மாற்ற தனி மென்பொருள்கள் உண்டு, மாற்றி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடு வேண்டாம் என்பேன், ஏனென்றால் அவ்வளவு இடம் உங்களுக்கு தேவையே இல்லை.

எதற்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள். கேஷ் விவரங்கள் வெறும் எழுத்துதான். ஜியோகேஷிங் தளத்தில் கட்டண உறுப்பினராக இருந்தால் ஒரு பாக்கெட் குவெரியில் (கேஷ் விவரங்களை மொத்தமாக இறக்கும் வசதி) 1000 கேஷ் வரை இறக்கலாம், அந்த ஆயிரத்துக்கும் குறிப்பு, விளக்கம், முன்பு வந்தவர்கள் எழுதியது எல்லாம் சேர்த்தே சில எம்பிதான் வரும். ஈட்ரெக்ஸ் 20-இன் உள்நினைவே ஏறக்குறைய 1.7 ஜிபி. நம் கடலூர், புதுச்சேரி பக்கம் இருக்கும் கேஷ்களுக்கு அதில் ஒரு மூலை போதும். இடம் பிடிப்பது மேப்தான். கருவியோடு வரும் மேப்பில் பெரிய சாலைகளைத் தவிர ஒன்றும் இருக்காது, கெடிலத்தின் கரையோ பிச்சாவரத்தின் வாய்க்காலோ அதில் தேடினால் கிடைக்காது. அதற்கு பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மினுக்காக செய்த இலவச மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் மட்டும் என்றால் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: கார்டு மேப்புக்கு, உள்நினைவு கேஷ்களுக்கு. பழைய போன் ஏதாவது மேஜை டிராயரில் கிடந்தால் அதிலிருக்கும் 4 ஜிபி கார்டே தாராளம். கடையில் இப்போது சின்ன கார்டு கிடைப்பது கஷ்டம், 32 ஜிபி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் வாங்காதீர்கள், போலி கார்டு 32 என்று காட்டும், உள்ளே 4 கூட இருக்காது, நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக் கெடுத்துவிடும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஒரு முறை முழுதாக எழுதிப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, ஏற்றும் முறை. கருவியை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் இரண்டு டிரைவ் தெரியும், ஒன்று கருவியின் உள்நினைவு, இன்னொன்று கார்டு. கார்டில் ஆங்கிலத்தில் கார்மின் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, மேப்பின் ஐஎம்ஜி ஃபைலை அதற்குள் போடுங்கள். வெளியில் போட்டால் கருவி அதைத் தேடிப் போகாது. கேபிள் வழியாக பெரிய மேப் ஏற மிகவும் நேரம் எடுக்கும், கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு ஏற்றுவதே வேகம். பிறகு செட்டப், மேப், அதற்குள் மேப் இன்ஃபர்மேஷன் போய் அந்த மேப்பை எனேபிள் செய்யுங்கள், பலர் இதை மறந்துவிட்டு கார்டு சரியில்லை என்கிறார்கள். கேஷ் ஃபைலோ ஜிப் ஆக வரும், அப்படியே போட்டால் கருவிக்கு படிக்கத் தெரியாது. பிரித்து, உள்ளே இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபைலை (கேஷ் விவரமெல்லாம் இதில்தான்), உள்நினைவில் கார்மின் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் வையுங்கள். கூடவே இன்னொரு சின்ன ஃபைல் இருக்கும், வண்டி நிறுத்துமிடம் போன்ற துணைப் புள்ளிகள் அதில்தான், அதையும் சேர்த்து.

கார்டிலும் இதே பெயரில் ஃபோல்டர் வைத்து ஜிபிஎக்ஸ் போட்டால் ஈட்ரெக்ஸ் 20 படிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் உள்நினைவு என்று நான் அழுத்திச் சொல்வதற்கு காரணம் உண்டு. ஒரு முறை அவசரத்தில், சேஃப்லி ரிமூவ் கொடுக்காமல் கேபிளை உருவிவிட்டேன். மறுநாள் காலை அரிக்கமேட்டுக்கு பக்கத்தில் ஆற்றோரம் நின்று கருவியை ஆன் செய்தால் தொடக்கப் படத்திலேயே நின்றுவிட்டது. கார்டைக் கழற்றியதும் உடனே எழுந்தது, கார்டில் இருந்த ஜிபிஎக்ஸ் பாதியில் அறுந்திருந்ததுதான் காரணம். நல்லவேளை, அன்று தேட வேண்டியது உள்நினைவிலும் இருந்தது. உங்கள் கருவியும் எப்போதாவது இப்படி நின்றால் பழுது என்று பயந்து ரிப்பேருக்குக் கொண்டு போகாதீர்கள், முதலில் கார்டை எடுத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம், உப்புக்காற்று. கார்டு போடும் இடம் பேட்டரிக்கு அடியில் இருக்கிறது, கார்டை மாற்ற பின்மூடியைத் திறந்தே ஆக வேண்டும். கருவி ஐபிஎக்ஸ்7 தரம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், ஆனால் அதெல்லாம் மூடி சரியாக மூடியிருந்தால்தான். சில்வர் பீச்சிலோ, சுண்ணாம்பாற்றிலிருந்து படகேறிப் போகும் பாரடைஸ் பீச்சிலோ திறந்தால் ரப்பர் விளிம்பில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும். கார்டு வேலை எல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே போகாமல் கருவியை எடுத்து வைக்கிறீர்கள் என்றால் பேட்டரியையும் கழற்றி வையுங்கள். பேட்டரி கசிந்தால் அடுத்து அரிப்பது கார்டின் தொடுமுனைகளைத்தான்.

பழைய கருவி என்றீர்கள், வாங்கும்போதே உள்ளே ஒரு கார்டு இருந்ததா? கார்மினே மேப் ஏற்றி விற்ற கார்டாக இருந்தால் அதை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், அந்த மேப் அந்த கார்டோடு பிணைந்தது, அழிந்தால் வேறு கார்டில் நகலெடுத்து ஓட்ட முடியாது.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேஷ் கிடைத்ததும் கருவியில் ஃபவுண்ட் என்று பதிவீர்கள் அல்லவா, அந்தப் பதிவு கார்டில் விழாது. உள்நினைவின் கார்மின் ஃபோல்டரில் ஜியோகேஷ் விசிட்ஸ் என்ற டெக்ஸ்ட் ஃபைலில்தான் சேரும். கார்டை நகலெடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கருவியை ரீசெட் செய்வதற்கு முன் அந்த ஒரு ஃபைலை கணினிக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.