லினக்ஸ் போனில் பேச முடியுமா? நீலகிரி நண்பர்களுக்குப் பதில்கள்

ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக லினக்ஸில் ஓடும் பைன்போன், பழைய ஆண்ட்ராய்ட் போன்களிலும் போடக்கூடிய லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பற்றி நம் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

குன்னூர்: அண்ணா, பைன்போனில் ஜியோ சிம் போட்டேன். நெட் பறக்கிறது. கால் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. டவர் பிரச்சினையா?

டவர் இல்லை தம்பி. நெட் வருவதும் கால் போவதும் வேறு வேறு வேலை. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. குரலும் 4ஜி வழியாகத்தான், அதாவது வோல்ட்இ. பைன்போனை டவரோடு இணைக்கும் பகுதியான க்வெக்டெல் இஜி25-ஜி மோடத்துக்கு வோல்ட்இ தெரியும், ஆனால் வோல்ட்இ-க்குத் தேவையான ஐஎம்எஸ் அமைப்பை ஏடி கட்டளையால் (மோடத்துக்கு நேராக அனுப்பும் கட்டளை) இயக்க வேண்டியிருக்கும். கூடவே உங்கள் சிம் நிறுவனத்துக்குப் பொருந்தும் எம்பிஎன் கோப்பு (மோடத்துக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பு) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஆர்ஓடபிள்யூ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மோடத்தை ரீஸ்டார்ட் செய்து அரை நிமிடமாவது பொறுங்கள். அது தனியாக ஒரு குட்டி லினக்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறது, மெதுவாகத்தான் எழும்.

இவ்வளவுக்குப் பிறகும் பேசாவிட்டால் ஏர்டெல் சிம் போட்டுப் பாருங்கள். அதில் 2ஜி இன்னும் ஓடுகிறது, கால் வந்தால் மோடம் அதற்கு இறங்கிக்கொள்ளும். வாங்கும் முன்பே கேட்டிருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

கோத்தகிரி: பழைய ஒன்பிளஸ் 6-இல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போடலாமா?

போடலாம், பைன்போனைவிட வேகமாகவே இருக்கும். ஆனால் வோல்ட்இ வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். ஜியோ மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஊட்டி: பைன்போனில் சிம் போட்டும் 'மோடம் இல்லை' என்று காட்டுகிறது. நானோ சிம்தான் போட்டிருக்கிறேன்.

பின்மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்ச்கள் இருக்கும். முதலாவது மோடத்துக்கானது, அது ஆஃபில் இருந்தால் தலைகீழாக நின்றாலும் மோடம் தெரியாது. அப்புறம், பைன்போனுக்கு வேண்டியது மைக்ரோ சிம். நானோவை அடாப்டரில் வைத்து, இரண்டு அடுக்கில் கீழ் அடுக்கில் செருகுங்கள். மேலடுக்கு மெமரி கார்டுக்கு. காலி அடாப்டரை மட்டும் உள்ளே விட்டு இழுக்காதீர்கள், உள்ளே சிம்மைத் தொடும் உலோக ஊசிகள் மாட்டி வளைந்துவிடும்.

கூடலூர்: வீட்டில் நெட் வருகிறது, எல்லைப் பக்கம் போனால் நின்றுவிடுகிறது.

அங்கே போன் கேரளா டவரையோ கர்நாடகா டவரையோ பிடித்திருக்கும், அது ரோமிங். செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். ஏபிஎன் (நெட் இணைப்புக்கு நிறுவனம் தரும் பெயர்) சரியா என்றும் ஒருமுறை பாருங்கள்: ஜியோவுக்கு 'ஜியோநெட்', பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்'. பிஎஸ்என்எல் 4ஜி ஓடும் 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டைப் பைன்போனின் இஜி25-ஜி மோடம் பிடிக்கும். மேடு பள்ளத்தில் தாழ்ந்த அலைவரிசைதான் தூரம் போகும் என்பதால் அந்த சிம்மையும் முயன்று பார்க்கலாம்.

ஊட்டியில் சாக்லேட் கடை வைத்திருக்கும் அக்கா: ஜிபே ஓடுமா?

ஓடாது அக்கா. லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் வேட்ராய்ட் வழியாக ஆண்ட்ராய்ட் ஆப்களைத் திறக்கலாம், ஆனால் அதற்குள் சிம் தெரியாது. யுபிஐ ஆப்போ உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் ஆளை உறுதி செய்கிறது. கல்லாவில் ஒட்டிய க்யூஆருக்குப் பணம் வரும், வந்ததா என்று பார்க்க ஒரு பழைய ஆண்ட்ராய்ட் பக்கத்தில் இருக்கட்டும்.

மசினகுடி: போன் தூங்கும்போது கால் வந்தால் தெரியுமா?

தெரியும். மோடம் விழித்திருந்து போனை எழுப்பும், ஆனால் சில நொடிகள் பிந்தி மணி அடிக்கும். அதற்குள் எதிர்முனையில் கட் செய்துவிடுபவர்களும் உண்டு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், 108-க்கு அழைக்க ஒரு சாதாரண பட்டன் போனை சார்ஜோடு வைத்துக்கொள்ளுங்கள்.