ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய, திறக்கப்படாத பைப் புகையிலை டின்னை வாங்கிப் பற்றவைத்துப் பார்க்கலாமா?

வாங்கலாம், மூடி கெடாமல் இருந்தால். துரு ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் சருகுதான்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2016 மே மாதம், சிகாகோவை அடுத்த செயின்ட் சார்லஸில், ஃபெசன்ட் ரன் விடுதியில் நடந்த பைப் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கண்காட்சிக் கூடம் திறப்பதற்கு முந்தைய நாட்களிலேயே விடுதி அறைகளில் கட்டில்மேல் டின்களைப் பரப்பி விற்பார்கள். லடாக்கியா என்ற இலை கலந்த, இங்கிலாந்துப் பாணிப் புகையிலைக் கலவை ஒன்று கண்ணில் பட்டது. அறுபதுகளில் வந்த டின் என்றார் விற்றவர், 120 டாலர். மூடியின் ஓரத்தில் காப்பித்தூள் ஒட்டியதுபோல் துரு இருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து விளிம்பில் நாணயத்தைச் செருகித் திருகினால், வெற்றிடமாக அடைத்த டின்னில் கேட்க வேண்டிய 'உஸ்' என்ற சத்தமே எழவில்லை. இலையைத் தொட்டதும் அப்பளம்போல் நொறுங்கியது. ஈரத்துணி போர்த்திய கிண்ணத்தில் இரண்டு நாள் வைத்தேன். பதம் வந்தது, மணம் வரவில்லை.

மூடி நன்றாக இருந்திருந்தாலும் அந்தக் கலவை எனக்குப் பிடித்திருக்குமா என்பது சந்தேகமே. லடாக்கியா விறகுப் புகையில் வாட்டிய இலை. சிரியாவின் துறைமுக நகரம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. அந்தப் புகைமணம்தான் அதன் உயிர். அது ஆண்டுக்கு ஆண்டு மங்கும். மங்கிய மென்மையைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

வர்ஜீனியா இலையின் கதை வேறு. அதில் இயற்கையாகவே சர்க்கரை அதிகம். அடைத்த டின்னுக்குள் அது மெதுவாகப் புளித்துக் கனிகிறது. புதுப்புளி பழம்புளியாகக் கறுத்து இளகுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நிறமும் அப்படித்தான் மாறும். பொன்னிறம் செம்பாகி, செம்பு கரும்பழுப்பாகும்.

அதே கண்காட்சியில் வாங்கிய இரண்டாவது டின் அப்படிப்பட்டது. பிரிஸ்டல் வில்ஸ் நிறுவனத்தின் கேப்ஸ்டன் நேவி கட், இரண்டு அவுன்ஸ். நம் ஊரில் சிகரெட்டாக அறிந்த அதே பெயர். நாணயத்தைத் திருகியதும் பெருமூச்சு விட்டதுபோல் காற்று உள்ளே போனது. முதலில் வந்தது வினிகர் நெடி. பயந்துவிட வேண்டாம், அரைமணி நேரத்தில் அது அடங்கிவிடும். அடங்கியதும் உலர்ந்த அத்திப்பழமும் கருப்பட்டியும் கலந்த ஒரு மணம். பட்டை பட்டையாக வெட்டிய இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; நகத்தால் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. புது வர்ஜீனியாவை வேகமாக இழுத்தால் நாக்குப் பொள்ளும். இதில் அந்தக் கடுப்பே இல்லை. காரம் மட்டும் குறையவில்லை, வெறும் வயிற்றில் பிடித்திருந்தால் தலை சுற்றியிருக்கும். பழையது என்பதால் புகையிலையின் தீங்கும் குறைந்துவிடாது. நான் இதை மாதத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடுவதில்லை.

வாங்கும்போது டின்னைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சருகாகிப் போயிருந்தால் கலகலவென்று கேட்கும். பதமாக இருந்தால் மந்தமாக ஒரு தட்டல்தான். மூடியின் நடு சற்றே குழிந்திருந்தால் வெற்றிடம் இன்னும் இருக்கிறது என்று பொருள். பிரின்ஸ் ஆல்பர்ட் போன்றவற்றின் தட்டையான, சட்டைப்பை அளவு டின்கள் பார்க்க மிக அழகு. ஆனால் அவற்றின் மூடி வெற்றிடம் காக்கும் மூடி அல்ல. அலமாரிக்கு வாங்கலாம், பைப்புக்கு வேண்டாம்.

விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்பாதீர்கள், டின்னையே படியுங்கள். பிரிட்டிஷ் டின்னில் விலை ஷில்லிங் கணக்கில் இருந்தால் அது 1971 பிப்ரவரிக்கு முந்தையது. கடைகளில் பார்கோடு வந்ததே 1974-இல்தான். டன்ஹில் நிறுவனத்தின் டின்னில் 'மறைந்த மன்னர் ஆறாம் ஜார்ஜ்' என்று அச்சிட்டிருந்தால் 1952-க்குப் பிந்தையது. நான் வாங்கிய கேப்ஸ்டன் டின்னில் கிராம் கணக்கும் இல்லை, பார்கோடும் இல்லை, உடல்நல எச்சரிக்கையும் இல்லை. அவ்வளவு தெரிந்தால் போதும் என்று வாங்கினேன்.

திறந்த பிறகு இலைமேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று மின்னினால் படிகம், நல்ல அறிகுறி. பஞ்சுபோல் மேலெழும்பி, நமத்த சுவர் வாடை வீசினால் பூஞ்சணம். எத்தனை டாலர் கொடுத்திருந்தாலும் குப்பையில் போடுங்கள்.

கேப்ஸ்டனில் மிஞ்சியதைக் கண்ணாடிச் சீசாவில் அடைத்து வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது அந்த அத்திப்பழ மணத்தில் பாதிகூட இல்லை. அதனால் டின்னைத் திறக்கும் நாளில் பைப் பிடிக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.