மக இருக்கப்ப வாயத் திறக்கவே பயமா இருக்கு மிஸ்

வணக்கம் மிஸ், ஸ்தோத்திரம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து எழுதுறேன், பேர் போட வேணாம். வயசு 51. கொழுந்து எடுத்துத்தான் புள்ளைகள வளர்த்தேன், இப்ப வேலையில இருந்து நின்னுட்டேன்.

எங்க சபை லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு காம்பராவுல தொடங்கினது, இப்ப ரோட்டோரத்துல ஹோல் கட்டியிருக்கு. தொடக்கத்துல இருந்தே பாட்டுக் குழுவுல நான் இருக்கேன். மாசியில மஸ்கெலியாவுல எங்க அண்ணன் செத்துட்டாரு, அவங்க சாமி கும்பிடுறவங்க. கருமாதிக்குப் போனேன், கூடப் பொறந்தவன் இல்லையா, போகாம இருக்க முடியுமா. அண்ணி படைச்ச சோத்துல ஒரு கை வச்சாங்க, வேணாங்க மனசு வரல, சாப்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் ஐயா பிரசங்கத்துலயே சொல்றாரு, படைச்ச சோத்தத் தின்னுட்டு வந்து ஒருத்தி கர்த்தரப் பாடுறான்னு. பேர் சொல்லல, ஆனா எல்லாரும் என்னத்தான் பார்த்தாங்க. அதோட பாட்டுக் குழுவுல இருந்து எடுத்துட்டாங்க. நேத்து வந்த புள்ளைங்க எல்லாம் மைக் புடிக்குது, நான் கதவு பக்கத்துல உக்காந்திருக்கேன்.

ஈ.பி.எஃப். காசு வந்தப்ப பத்துல ஒரு பங்கு முழுசாக் குடுத்தேன் மிஸ். மத்தவங்க பேரெல்லாம் வாசிச்சாங்க, என் பேர வாசிக்கல. பாஸ்டரம்மா என்னக் கண்டா முகத்தத் திருப்பிக்கிறாங்க. கீழ் லயத்து அக்கா ஒருத்தங்க சபைய விட்டுப் போனாங்க, அவங்களோட யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, இப்ப எனக்கும் அதே மாதிரிதான். இந்தச் சோத்து விஷயம் எப்பிடி அவருக்குப் போச்சுன்னே தெரியல, வீட்டுல மட்டுந்தான் சொன்னேன். சின்னவளுக்கு 17, சபையில யூத் குழுவுல வாரா வாரம் ஒரு கொப்பி எழுதிக் குடுக்கணுமாம், தன்னோட பாவம், வீட்டு நிலைமை எல்லாம். அவ இருக்கப்ப நான் வாயத் திறக்கிறதே இல்ல இப்ப, சோத்தப் போட்டு வச்சிட்டு அடுப்படிக்குப் போயிருவேன், இஸ்தோப்புல, வாசல் திண்ணையில, நின்னு போன்ல மெதுவாப் பேசினா நெஞ்சு அடிச்சுக்குது. அது கிடக்கட்டும்.

எதுத்துப் பேசவும் முடியல. அபிஷேகம் பண்ணவங்களத் தொடாதேன்னு வசனம் இருக்கு. அதோட அவர் ஜெபம் பண்ணாட்டி என் வீட்டுக்காரர் குடிச்சே செத்திருப்பாரு, அந்த நன்றிய நான் மறக்கக் கூடாது. எப்பிடி மன்னிப்புக் கேட்டா திரும்ப பாட்டுக் குழுவுல சேர்ப்பாங்கன்னு சொல்லுங்க மிஸ்.

பதில்

அக்கா, பாட்டுக் குழுவப் பத்தி திரும்பத் திரும்ப எழுதியிருக்கீங்க. மகளப் பத்தி ஒரே ஒரு தரம் சொல்லிட்டு அது கிடக்கட்டும்னு தாண்டிட்டீங்க. என்னால தாண்ட முடியல. மத்ததெல்லாம் அந்த ஹோல்ல நடக்குது, இது உங்க காம்பராக்குள்ள நடக்குது.

மன்னிப்புக் கேக்க நான் வழி சொல்லப் போறதில்ல. படைச்ச சோறு சாப்பிடலாமா கூடாதான்னு பவுல் காலத்துலயே சபைக்குள்ள கேள்வி இருந்துச்சு, கொரிந்தியருக்கு நீளமா எழுதியிருக்கார். அது தப்புன்னே உங்க பாஸ்டர் நம்பட்டும். மத்தேயு 18ல முதல்ல தனியாப் போய் பேசுன்னுதான இருக்கு? அண்ணனப் பறிகொடுத்துட்டு வந்த ஒரு தங்கச்சிய, ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லாம, மேடையில நின்னு அடிச்சிருக்கார். உங்க கடிதத்துல கூட அண்ணன் சாவு ரெண்டு வரியில முடிஞ்சுருச்சு. அழக் கூட உங்களுக்கு இடம் குடுக்கல அவங்க.

கண்டிப்பான பாஸ்டர் எல்லாரும் அடக்கி ஆளுறவங்க இல்ல, தசமபாகம் கேக்கிற சபை எல்லாம் மோசமும் இல்ல. நான் பார்க்கிறது வேற. ஒருத்தர் முடியாதுன்னு சொன்னா அவருக்கு என்ன நடக்குது, ஜெபத்துக்குன்னு நம்பிச் சொன்ன பேச்சு எங்க போய்ச் சேருது, விட்டுப் போனவங்களோட மத்தவங்க பேசலாமா கூடாதா. மூணுக்கும் பதில உங்க கடிதத்துலயே எழுதியிருக்கீங்க. பாவ அறிக்கைய கொப்பியில எழுதி வாங்குறதும், வீட்டுல நடக்கிறத புள்ளைய வச்சு எடுக்கிறதும் மேய்க்கிற வேலை இல்ல அக்கா, உளவு பார்க்கிற வேலை.

இது காலங்காலமா எல்லா சபையிலயும் இருக்கிற முறையும் இல்ல. 1970கள்ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல அஞ்சு போதகர்கள் சேர்ந்து, விசுவாசி ஒவ்வொருத்தருக்கும் மேல ஒரு மேய்ப்பர் இருக்கணும், பெரிய முடிவெல்லாம் அவருக்குக் கீழ்ப்படிஞ்சுதான் எடுக்கணும்னு படிப்பிச்சாங்க. கல்யாணம், வேலை, வீடு வரைக்கும் அது போச்சு, நிறைய குடும்பம் நொறுங்கிச்சு. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர், பாப் மம்ஃபோர்ட், பிற்பாடு பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். கேட்டது மேய்ப்பர், ஆடுகள் இல்ல.

நீங்க சொன்ன வசனம் சங்கீதம் 105ல இருக்கு. அதுக்கு முந்தின மூணு வசனத்தையும் சேர்த்து வாசிங்க. கொஞ்சப் பேரா, பரதேசியா, ஊர் ஊரா அலைஞ்சவங்களப் பத்தி ராஜாக்களுக்குச் சொன்னது அது. அதிகாரம் உள்ளவன் எளியவன் மேல கை வைக்காதேன்னு. அந்த வசனத்துல உங்க இடம் எது, பாஸ்டர் இடம் எதுன்னு நீங்களே பாருங்க.

வீட்டுக்காரர் குடிய விட்டதுக்கு நன்றியா இருங்க, அது உண்மையான நல்லது. லயத்துல நம்மள மனுஷரா மதிச்சு, கதவத் தட்டி வந்து ஜெபம் பண்ணினவங்க அந்த சபை ஆட்கள்தான், அத நான் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா நம்ம பாட்டன் பூட்டன் காலத்துத் துண்டு முறையக் கேள்விப்பட்டிருப்பீங்க. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி குடுத்த முன்பணம் கடனா ஏறி, அந்தக் கடன் தொகையப் போட்ட துண்டு கையில இல்லாம இன்னொரு தோட்டத்துல சேர முடியாது. 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க. உங்க நன்றியும் அப்பிடி அடைக்கவே முடியாத கடனா மாறியிருக்கு. நல்லது செஞ்சவர் உங்க வாய்க்கும் உங்க மகளுக்கும் சொந்தக்காரர் ஆகிட மாட்டார்.

இப்ப நான் சொல்றது கொஞ்சம் வலிக்கும். சபை பேசாம இருந்து உங்கள தண்டிக்குது. நீங்க அதையேதான் சின்னவளுக்குச் செய்றீங்க. சோத்தப் போட்டுட்டு எழும்பிப் போயிடுறீங்க. அவதான் சொன்னாளான்னு கூட உங்களுக்கு நிச்சயமாத் தெரியாது. அப்பிடியே சொல்லியிருந்தாலும், அம்மா நரகத்துக்குப் போயிடுவாங்கன்னு பயந்துதான் அந்தப் புள்ள எழுதியிருக்கும். காட்டிக் குடுத்தவன்னு அவளப் பார்க்காதீங்க, உங்களுக்கு மேல மாட்டிக்கிட்டு இருக்கிறவ அவதான். வெளிய பேச யாரும் இல்ல, வீட்டுலயும் அம்மா பேசலன்னா அவளுக்கு மிச்சம் இருக்கிறது பாஸ்டர் வீடு மட்டுந்தான்.

நீதான சொன்னன்னு தொடங்காதீங்க. உங்க அண்ணனப் பத்திப் பேசுங்க, சின்ன வயசுல உங்களுக்கு என்ன செஞ்சார், அண்ணி வச்ச சோத்த ஏன் தட்ட முடியலன்னு. அவ அத எழுதிக் குடுத்தாலும் குடுக்கட்டும், அதுல மறைக்க என்ன இருக்கு? கொஞ்சம் நாள் கழிச்சு, கொப்பி எழுத விருப்பமில்லன்னா எழுத வேணாம், நான் பக்கத்துல நிக்கிறேன்னு சொல்லுங்க. கவுன்சிலிங்னு அவளத் தனியாக் கூப்பிட்டு கதவ மூடிப் பேசுறாங்களான்னு மட்டும் கட்டாயம் கேளுங்க. அப்பிடின்னா அன்னைக்கே நிப்பாட்டுங்க, அதுக்கு யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்கத் தேவையில்ல. அவ சரியாச் சாப்பிடாம தூங்காம இருந்தா 1926க்கு கோல் எடுங்க, தேசிய மனநல நிறுவனத்தோட லைன், காசு இல்ல.

சபைய விடணுமா வேணாமான்னு இப்பவே முடிவெடுக்க வேணாம். மிச்ச ஈ.பி.எஃப். காசுல மட்டும் கை வைக்க விடாதீங்க. அந்தக் கீழ் லயத்து அக்கா வீட்டுக்கு ஒருநாள் சின்னவளையும் கூட்டிட்டுப் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க, யார் பார்த்தாலும் பரவாயில்ல. போய் வந்து எழுதுங்க.